அருங்காட்சியகமும் அடுத்துப் பொறுப்பேற்பவரும்

(மாவட்ட அரசு அருங்காட்சியகத்தில் சமூக அறிவியல் ஆசிரியர்களுக்காக நடைபெற்ற ஒருநாள் பயிற்சியில் அரசு உயர்நிலைப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எனக்குக் கொடுத்த தலைப்பு, 'எதிர்கால மாற்றங்களுக்கு அருங்காட்சியகங்கள் எவ்வாறு தயாராவது' என்பது. தலைப்பைக் கேட்டதும் என் மகள் சிரித்தாள். "பழைய பொருளை வைக்கிற இடத்துக்கு எதிர்காலம் எதுக்கும்மா?" என்றாள். சென்னையில் அந்தக் காலத்தில் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் விலங்குக் காட்சிச் சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சொல்வார்களாம். இங்கே இருப்பதெல்லாம் செத்துப் போனவை, இனி இவற்றுக்கு ஒன்றும் நேராது என்ற எண்ணம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. செத்த பொருளுக்கும் இரண்டாவது சாவு உண்டு என்பதை நான் என் சொந்தப் பள்ளியில் பார்த்தேன். அதனால் உலக விஷயங்களுக்கு முன்னால் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதில் குற்றவாளி நான்தான்.

டெல்டாவில் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் எங்கள் பள்ளி. சுமார் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு வகுப்பறையின் மூலையில் பழம்பொருள் மூலை ஒன்று தொடங்கினோம். ஓர் இரும்பு பீரோ, இரண்டு பெஞ்சுகள். மரக்கால், படி, உழக்கு, ஏற்றம் இறைத்த சால், வீட்டில் யாரும் படிக்கத் தெரியாமல் பரணில் கிடந்த ஓலைச்சுவடி என்று பிள்ளைகள் கொண்டு வந்து குவித்துவிட்டார்கள். ஒரு மாணவனின் கொள்ளுப்பாட்டி, ஊரே அப்பாயி என்று கூப்பிடும் அம்மையார், ஒரு தகரப் பெட்டியைக் கொடுத்தனுப்பினார். அவருடைய அப்பா மலாயாவில் தோட்ட வேலைக்குப் போயிருந்தபோது வீட்டுக்கு எழுதிய கடிதங்கள். பதினாறோ பதினேழோ இருந்தன. எண்ணிக்கையைக்கூட இன்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நன்றி சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன். "பத்திரமா இருக்குமா டீச்சரம்மா?" என்று கேட்டார். "இருக்கும் அப்பாயி. வீட்டுல இருந்தா கரையான் அரிக்கும். அங்க கவர்மெண்டு பள்ளிக்கூடம், பீரோவுல பூட்டி வச்சிருக்கு" என்றேன். நம்பிக்கையோடுதான் சொன்னேன்.

அடுத்த ஆண்டு மாறுதல் கலந்தாய்வில் எனக்கு வேறு ஒன்றியம் கிடைத்தது. வகுப்பறை வரைபடங்கள், நூலகப் புத்தகங்கள், கணினி, விளையாட்டுப் பொருள்கள் எல்லாவற்றுக்கும் இருப்புப் பதிவேட்டின்படி கையொப்பமிட்டுப் பொறுப்பை ஒப்படைத்தேன். பழம்பொருள் மூலை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பொருள்களின் பட்டியலை நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அந்த நோட்டு என் கைப்பையில் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. கெட்ட எண்ணமில்லை. அது 'என்' நோட்டு என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

எனக்குப் பின் வந்தவர்கள் மீது எந்தத் தவறும் இல்லை. பீரோ தேவைப்பட்டது, காலி செய்தார்கள். பொருள்கள் சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்து ஓட்டுக் கொட்டகைக்குப் போயின. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. கொட்டகையின் ஓடுகள் பறந்தன. மழை உள்ளே இறங்கியது. ஊரே தென்னையையும் வீட்டையும் இழந்து நின்றபோது ஒரு தகரப் பெட்டியை யார் நினைப்பார்கள்? மறுபடி மாறுதலில் அதே பள்ளிக்கு நான் வந்தபோது பெட்டியைத் திறந்தேன். கடிதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பூஞ்சணம் பிடித்து, ஊறவைத்த அவல் மாதிரி இருந்தன. மை முழுக்கக் கரைந்திருந்தது.

அடுத்த சில மாதங்களில் அப்பாயியின் பேரன் பள்ளிக்கு வந்தார். அவருக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். "அப்பாயி தவறிட்டாங்க டீச்சர். காரியம் முடிஞ்சுது. அந்தக் கடுதாசியை ஒருவாட்டி பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார். நான் பெட்டியைக் காட்டினேன். அவர் ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்தக் கடிதங்களில் மூன்று மட்டும் இன்று படிக்கக் கிடைக்கின்றன. எட்டாம் வகுப்பில் செயல்திட்டத்துக்காக ஒரு மாணவி அவற்றைப் பார்த்துத் தன் நோட்டில் எழுதியிருந்தாள். அவளுடைய எழுத்துப் பிழைகளோடு, கோடு போட்ட தாளில், சிவப்பு மையில் நான் இட்ட சரிக்குறியோடு அவை இருக்கின்றன. பூட்டிய பீரோவால் முடியாததை ஒரு செயல்திட்ட நோட்டு செய்துவிட்டது. 'படியெடுத்தல்' என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான். ஓலைக்கு ஆயுள் குறைவு என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் ஒரு சுவடி நைவதற்குள் இன்னொன்றில் எழுதிவிட வேண்டும் என்பது வழக்கமாக இருந்தது. அந்த வழக்கம் நின்றபோது என்ன ஆனது என்பதை உ.வே.சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் வேதனையோடு எழுதியிருக்கிறார். பழஞ்சுவடிகளைப் பதினெட்டாம் பெருக்கில் ஆற்றில் விட்ட வீடுகளும் இருந்தன.

இப்போது கொஞ்சம் வெளியே போவோம். நம் மூலை சின்னது, நமக்குப் பணமில்லை, அதனால்தான் போயிற்று என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். பெரிய இடங்களும் இப்படித்தான் போயிருக்கின்றன. பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் 1818இல் தொடங்கப்பட்டது. முன்பு அரச குடும்பம் வாழ்ந்த மாளிகையில் இயங்கியது. 2018 செப்டம்பர் 2 இரவு அது எரிந்தது. உள்ளே இருந்தவை ஏறக்குறைய 2 கோடிப் பொருள்கள். பெரும்பகுதி போய்விட்டது. பக்கத்திலிருந்த தீயணைப்புக் குழாய்களில் தண்ணீர் வரவில்லை. குளிர்சாதனக் கருவி ஒன்றின் மின்கோளாறில் தீ தொடங்கியது என்று பின்னர் விசாரணையில் தெரிந்தது. தீத்தடுப்பு உள்ளிட்ட சீரமைப்புக்கான நிதி ஒப்பந்தம் அதே ஆண்டு ஜூனில்தான் கையெழுத்தாகியிருந்தது. மூன்று மாதம் முந்திக்கொண்டது தீ.

எரிந்தவற்றில் என்னை மிகவும் உறுத்துவது பழங்குடி மொழிகளின் ஒலிப்பதிவுகள். அவற்றில் சில மொழிகளைப் பேசுவோர் இப்போது யாரும் இல்லை. எகிப்தியச் சவப்பெட்டி எரிந்தால் வேறோர் ஊரில் இன்னொரு சவப்பெட்டி இருக்கும். கடைசியாகப் பேசியவரின் குரலுக்கு மாற்று எங்கே போய்த் தேடுவது? ஐந்து டன்னுக்கும் அதிகமான எடையுள்ள பெண்டெகோ விண்கல் மட்டும் அசையாமல் நின்றது. வானத்திலிருந்து எரிந்துகொண்டே வந்த கல்லுக்கு இந்தத் தீ ஒரு பொருட்டா!

மறுநாளே அங்கே அருங்காட்சியகவியல் படிக்கும் மாணவர்கள் ஒரு வேண்டுகோள் விடுத்தார்கள். இதுவரை வந்து போன பார்வையாளர்கள் எடுத்த படங்கள் எதுவாயினும் அனுப்புங்கள் என்றார்கள். படங்கள் குவிந்தன. சுற்றுலா வந்தவர் தன் குழந்தையை நிறுத்தி எடுத்த படத்தில் பின்னணியில் நின்ற பொருளுக்கு அதுவே ஆவணமாகிவிட்டது. நாம் தில்லியைப் பார்த்தாலும் போதும். 2016 ஏப்ரல் 26 அதிகாலையில் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் எரிந்தது. ஆகவே இது தொலைதூரத்து விஷயமல்ல.

அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தன் நடராசரின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சோழர் காலச் செப்புத் திருமேனி. கோயிலிலிருந்து திருடப்பட்டு, கைமாறி, 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டது. அது நம்முடையது என்று எப்படி நிரூபிப்பது? புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களிலிருந்தே தமிழ்நாட்டுக் கோயில்களையும் திருமேனிகளையும் படமெடுத்து வைத்திருந்தது. 1994இல் ஸ்ரீபுரந்தனில் எடுத்த படமும் அந்தத் தொகுப்பில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது மறுக்க வழியில்லாமல் போயிற்று. 2014 செப்டம்பரில் நடராசர் இந்தியா திரும்பினார்.

அன்று ஸ்ரீபுரந்தனில் கேமராவோடு நின்றவர் திருட்டை எதிர்பார்த்துப் படமெடுக்கவில்லை. தன் வேலை என்று எடுத்தார். எதிர்காலத்தை முன்கூட்டியே அறிவது என்று நாம் பெரிதாகப் பேசுகிறோம். என்ன வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. எது வந்தாலும் உதவக்கூடிய ஒரு சில வேலைகள் மட்டும் உண்டு. அவற்றில் முதலாவது பதிவு செய்தல். ஒரு படம், ஓர் அளவு, ஓர் எண், யார் கொடுத்தார் என்ற ஒரு வரி. புயல் வந்தாலும் உதவும், திருட்டுக்கும் உதவும், நாற்பது வயது டீச்சருக்கு மாறுதல் வந்தாலும் உதவும்.

"எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட்டால் போயிற்று" என்று இப்போது சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இங்கிலாந்தில் நடந்ததைக் கேட்டபின் கொஞ்சம் நிதானித்தேன். 1086இல் முதலாம் வில்லியம் அரசர் ஆணையின்படி நாடு முழுக்க நிலம், ஆடு மாடு, உழவர் எல்லாவற்றையும் கணக்கெடுத்துத் தோலில் எழுதிய ஆவணம் ஒன்று உண்டு, டூம்ஸ்டே புத்தகம் என்று பெயர். அதன் 900ஆம் ஆண்டையொட்டி 1986இல் பிபிசி நிறுவனம் புதிய டூம்ஸ்டே ஒன்றைத் தயாரித்தது. அதில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள்! நாட்டைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிப் பள்ளியும் தன் ஊரைப் பற்றி எழுதியது. என்ன சாப்பிடுகிறோம், எங்கே விளையாடுகிறோம், கடையில் என்ன விற்கிறது என்றெல்லாம் எழுதி, படமெடுத்து அனுப்பினார்கள். ஆயிரக்கணக்கான பள்ளிகள், பத்து லட்சம் பேருக்கு மேல் பங்களிப்பு. எல்லாவற்றையும் அன்றைய மிக நவீனமான லேசர் தட்டுகளில் ஏற்றினார்கள்.

அந்தத் தட்டை இயக்கும் கருவித் தொகுதியின் விலை சுமார் 5,000 பவுண்ட். எழுதிய பிள்ளைகளின் பள்ளிகளில் பலவற்றால் அதை வாங்கவே முடியவில்லை. பதினைந்து, பதினாறு ஆண்டுகளில் அந்தக் கணினியும் கருவியும் வழக்கொழிந்தன. தட்டில் தகவல் இருக்கிறது, படிக்க இயந்திரம் இல்லை. ஆயிரம் ஆண்டை நெருங்கும் தோல் புத்தகத்தை இன்றும் விரித்துப் படிக்கலாம். பதினாறு வயதுத் தட்டைப் படிக்கத் தனியாக ஓர் ஆய்வுக் குழு உட்கார வேண்டியதாயிற்று. அவர்கள் பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருளை எழுதி மீட்டார்கள். 2011இல் பிபிசி அந்த ஊர்க் குறிப்புகளை இணையத்தில் வெளியிட்டது. தாங்கள் பிள்ளைகளாக எழுதியதை நடுத்தர வயதில் படித்தவர்கள் எத்தனை பேரோ.

சிரிக்காதீர்கள், நாமும் அதே படகில்தான். 2005, 2006 வாக்கில் வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்த வினாத்தாள்களை இன்று திறந்து பாருங்கள். எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றபின் எழுதியவை பிழைத்தன. அதற்கு முந்தியவற்றை மாற்றி வைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? நான் மாற்றவில்லை. சிறந்த ஆசிரியர் ஒருவர் எனக்குத் தந்த உள்ளூர் வரலாற்றுக் குறிப்புகள் ஃபிளாப்பியில் இருக்கின்றன. ஃபிளாப்பி என் வீட்டுச் சாமி அலமாரியில் இருக்கிறது, விபூதி மடல் மாதிரி.

ஆகவே கணினியில் ஏற்றுவதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏற்றிய பின்னும் வேலை முடிவதில்லை. ஓலையைப் படியெடுத்த மாதிரி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அடுத்த வடிவத்துக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் காகிதத்தில் வைத்திருங்கள், பட்டியலை. மின்சாரம் போனாலும் அதைப் படிக்கலாம்.

தொடுதிரை, மெய்நிகர்க் கண்ணாடி என்று இப்போது பல அருங்காட்சியகங்களில் வந்திருக்கின்றன. பிள்ளைகளுக்கு அவை பிடிக்கும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் திரை பழுதாகி, 'பராமரிப்பில் உள்ளது' என்ற அட்டை தொங்கும் இடங்களையும் பார்த்திருக்கிறேன். திரைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைப் பதிவேட்டுக்கும் கூரைக்கும் ஒதுக்கச் சொல்வேன். கூரை திறப்பு விழாவுக்கு ஏற்றதல்ல, அதுதான் அதன் சிக்கல்.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கே மீண்டும் வருவோம். 1851இல் தொடங்கியபோது அது பெரும்பாலும் பாறை, கனிமத் தொகுப்பு. முதல் பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபர் ஒரு மருத்துவர். உயிருள்ள புலிக்குட்டியையும் சிறுத்தையையும் அங்கே வைத்தபோது கூட்டம் கூடியதைக் கண்டு, 1855இல் விலங்குக் காட்சிச் சாலையையே தொடங்கிவிட்டார். அதுதான் பின்னர் இடம் மாறி இடம் மாறி 1985இல் வண்டலூருக்குப் போனது. அதாவது உயிர் காலேஜ் பிறந்ததே செத்த காலேஜின் வயிற்றில்தான்! மக்கள் எதைத் தேடி வருகிறார்கள் என்று வாசலில் நின்று பார்த்த மனிதர் அவர்.

அடுத்து 1930இல் அங்கே வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் வந்தது. எஸ். பரமசிவன் அதன் பணியைத் தொடங்கினார். செப்புத் திருமேனிகளுக்கு ஒரு நோய் உண்டு. மண்ணிலும் காற்றிலும் உள்ள உப்பின் குளோரைடு உலோகத்துக்குள் புகுந்துகொண்டு, ஈரம் கிடைக்கும்போதெல்லாம் வேலை செய்யும். இளம்பச்சைப் பொடியாக வெளியே தள்ளும். துடைத்தால் போகாது, மறுபடி வரும். கடற்கரை நகரத்தில் சொல்லவே வேண்டாம். மின்பகுப்பு முறையில் அந்தத் திருமேனிகளைக் குணப்படுத்தினார் பரமசிவன். காட்சிக் கூடத்தில் பளபளவென்று நிற்கும் சிலைக்குப் பின்னால் இப்படி ஒருவர் இருப்பதை மாணவர்களிடம் சொல்லுங்கள். வேதியியல் ஆசிரியருக்கும் அருங்காட்சியகத்தில் ஒரு பாடம் இருக்கிறது.

பொருள் கெடுவது மட்டுமல்ல, பொருளைப் பார்க்கும் கண்ணும் மாறும். இது நாம் அதிகம் பேசாத மாற்றம். அதே எழும்பூரில் 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அதற்காக மனிதர்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார். அருங்காட்சியகத்தைப் பார்க்க வந்தவர்களையும் அளந்தார். வேடிக்கை பார்க்க வந்தவரே வேடிக்கைப் பொருளானார். அன்று அது அறிவியல் என்று கருதப்பட்டது. மூக்கின் அளவை வைத்து மனிதரைத் தரம் பிரித்த அந்த அறிவியல் இன்று செல்லாது. ஆனாலும் அந்தத் தொகுதிகளில் உள்ள சடங்கு, தொழில், வழக்காறு பற்றிய குறிப்புகளை ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள், எச்சரிக்கையோடு.

தர்ஸ்டனைப் பார்த்து நாம் முகம் சுளிப்பது எளிது. இன்று நாம் எழுதும் விளக்க அட்டைகளைப் பார்த்து ஐம்பது ஆண்டு கழித்து யார் முகம் சுளிப்பார்கள்? எங்கள் மூலையில் ஒரு பொருளுக்கு 'பழங்காலத் தாழ்ந்த மக்கள் பயன்படுத்திய கருவி' என்று ஒரு பிள்ளை அட்டை எழுதினான். நான் கவனிக்கவில்லை. அந்தக் கருவியைக் கொண்டு வந்த பிள்ளை மூன்று நாள் அந்தப் பக்கமே வரவில்லை. நான்காம் நாள் காரணம் தெரிந்தது. அட்டையைக் கிழித்துவிட்டு, அவன் தாத்தாவையே வரவழைத்து, "ஐயா, இதை எப்படிப் பிடிக்கணும், என்னன்னு கூப்பிடுவீங்க?" என்று கேட்டோம். அவர் சொன்னதை அப்படியே எழுதினோம். அன்றிலிருந்து அட்டையின் கீழே யார் சொன்னது, யார் எழுதியது, எந்தத் தேதி என்று மூன்றையும் போடுகிறோம். நாளைக்குத் தவறு என்று தெரிந்தால் இன்னார் இந்த நாளில் இப்படி நினைத்தார் என்பதாவது தெரியும்.

ஜப்பானில் 2011 மார்ச் 11 ஆழிப்பேரலையில் ரிக்குசென்தகாட்டா என்ற ஊரின் அருங்காட்சியகம் முழுகியது. பணியாளர்கள் அனைவரையும் அலை கொண்டுபோனது. சுமார் 5,60,000 பொருள்களில் 4,60,000 பொருள்கள் சேற்றிலிருந்து மீட்கப்பட்டன. எல்லாவற்றிலும் கடல் உப்பு. நாட்டின் பல அருங்காட்சியகங்கள் பங்கு போட்டுக்கொண்டு, செடி மாதிரிகளை ஒவ்வொரு தாளாகக் கழுவி, உப்பை இறக்கி, உலர்த்தித் திருப்பி அனுப்பின. ஆட்களே போய்விட்ட அருங்காட்சியகத்தைப் பிற அருங்காட்சியகங்கள் தூக்கி நிறுத்தியதால் 2022இல் அது மறுபடி திறந்தது. பக்கத்து ஒன்றியத்துப் பள்ளியில் என்னென்ன பழம்பொருள் இருக்கிறது என்பது நமக்குத் தெரியுமா என்று அதைப் படித்தபோது யோசித்தேன்.

சரி, நாளைக் காலை பள்ளிக்குப் போய் என்ன செய்வது? நாங்கள் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். சில சரியாக வந்தன, சில இன்னும் வரவில்லை.

பழம்பொருள்களைத் தலைமையாசிரியரின் இருப்புப் பதிவேட்டில் ஏற்றினோம். 'விலை' என்ற பத்தியில் என்ன எழுதுவது என்று ஒரு வாரம் விவாதம் நடந்தது. கடைசியில் 'நன்கொடை' என்று எழுதினோம். பதிவேட்டில் வந்துவிட்டால் பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலிலும் வந்துவிடும். அடுத்து வருபவர் கையொப்பமிட்டுத்தான் வாங்க வேண்டும். யாருக்கு மாறுதல் வந்தாலும் பொருள் அநாதையாகாது. ஒவ்வொரு பொருளுக்கும் எண், அளவுகோலைப் பக்கத்தில் வைத்து இரண்டு படங்கள். பட்டியலின் படிகள் மூன்று. ஒன்று பள்ளியில், ஒன்று பள்ளியின் மின்னஞ்சலில், ஒன்றை இங்கே காப்பாட்சியர் அவர்களிடம் கொடுத்திருக்கிறேன். என் வீட்டில் எதுவும் இல்லை!

மழைக்காலத்துக்கு முன், அக்டோபர் முதல் வாரத்தில், பீரோவைத் திறந்து பார்க்கும் நாள் ஒன்று வைத்திருக்கிறோம். கரையான், ஈரம், பூஞ்சணம் பார்ப்பது ஒன்பதாம் வகுப்பின் வேலை. தண்ணீர் வந்தால் முதலில் எதை மாடிக்குத் தூக்குவது என்று ஐந்து பொருள்களின் பெயர் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. அந்த ஐந்தைத் தேர்ந்தெடுக்கப் பிள்ளைகள் நடத்திய விவாதம் நான் இருபது ஆண்டுகளில் பார்த்த மிகச் சிறந்த வரலாற்று வகுப்பு. பெரிய வெண்கலக் குடத்தை விட்டுவிட்டு, கையெழுத்துக் கணக்கு நோட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். "குடம் நனைஞ்சா தொடைச்சுக்கலாம் மிஸ்" என்றாள் ஒருத்தி. தகர மண்ணெண்ணெய் விளக்கு ஐந்தில் இருக்க வேண்டுமா என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. நிலத்தைத் தோண்டும்போது கிடைத்த சிலை, காசு, பானை என்று பிள்ளை எதையாவது கொண்டு வந்தால் ஆர்வத்தில் பீரோவில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மண்ணுக்குள் கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறு ஆண்டு கடந்த பொருள்களுக்கும், எழுபத்தைந்து ஆண்டு கடந்த மதிப்புமிக்க சுவடிகளுக்கும் பொருந்தும். அவற்றில் கல், உலோகச் சிற்பங்கள் போன்ற சில வகைகளைப் பதிவு செய்தாக வேண்டும். கிடைத்த இடத்தைக் கலைக்காமல், கிராம நிர்வாக அலுவலருக்கும் தலைமையாசிரியருக்கும் சொல்லுங்கள். நமக்கும் பாதுகாப்பு, பிள்ளைக்கும் பாதுகாப்பு.

இன்னும் எங்களால் தீர்க்க முடியாதது ஓலைச்சுவடிதான். கஜாவில் நனைந்த ஓலைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிரித்தால் எழுத்து உரிந்து வரும். பயிற்சியில்லாத கை அதைத் தொடக்கூடாது என்று காப்பாட்சியர் சொன்னார். எண்ணெய் பூசலாமா என்று கேட்டதற்கு, முதலில் சும்மா இருங்கள் என்றார். சும்மா இருக்கிறோம். தாளில் சுற்றி, காற்றோட்டமான பெட்டியில் வைத்து, 'பிரிக்க வேண்டாம்' என்று எழுதியிருக்கிறோம். நம்மால் முடியாததை நம்மைவிடத் தெரிந்தவர் வரும்வரை கெடுக்காமல் வைத்திருப்பதும் வேலைதான்.

போன ஆண்டு அப்பாயியின் பேரன் மறுபடி வந்தார். அவருடைய மகள் இப்போது எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு. கையில் அப்பாயியின் வெற்றிலைச் செல்லம். பித்தளை, மூடியில் ஒரு நசுங்கல், உள்ளே சுண்ணாம்பு காய்ந்து ஒட்டியிருந்தது. "இதை வச்சுக்குங்க டீச்சர்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கையை நீட்டவில்லை. "வேண்டாம் அண்ணே, உங்க வீட்டுலயே இருக்கட்டும். படம் எடுத்துக்கறோம்" என்றேன். அவர் மகளே அளவெடுத்தாள். நீளம், அகலம், உயரம், எடை. அப்பாயி அதை எங்கிருந்து வாங்கினார் என்று அப்பாவிடம் கேட்டு எழுதினாள். நசுங்கல் எப்படி வந்தது என்பதற்கு அவருக்கும் விடை தெரியவில்லை, அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறாள். பொருள் அவர்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. எங்கள் பதிவேட்டில் அதன் எண் 41. இருக்கும் இடம் என்ற பத்தியில் அவர்கள் வீட்டுக் கதவு எண் எழுதியிருக்கிறது.